கோல் விழாத பக்கத்தையும் பாருங்கள்

தூக்கத்தை விட்டு உலகக் கோப்பை பார்க்கும் கால்பந்து ரசிகர்களுக்கு,

உங்களிடம் ஒரு மனக்குறையைச் சொல்லத்தான் இந்த மடல்.

ஒவ்வொரு பெரிய தொடரிலும் ஏதாவது ஒரு சிறிய அணி, தன்னைவிடப் பல மடங்கு பலமான அணியைக் கடைசி விசில்வரை கோல் போட விடாமல் நிறுத்திவைக்கிறது. அன்றைக்கு மைதானத்தில் நடந்ததிலேயே கடினமான வேலை அதுதான். ஆனால், நீங்கள் அதை ஆட்டமாகவே மதிப்பதில்லை. ‘கட்டை போடுகிறார்கள்’ என்கிறீர்கள். ‘பயந்தாங்கொள்ளிகள்’ என்கிறீர்கள். அந்த அணி ஜெயித்துவிட்டால் ‘அதிர்ஷ்டம்’ என்று ஒரே சொல்லில் கணக்கை முடித்துவிடுகிறீர்கள். தாக்கி ஆடித் தோற்றவர்களுக்காகக் கண்கலங்குகிறீர்கள். தடுத்து ஆடி ஜெயித்தவர்களை ஏளனம் செய்கிறீர்கள். இது நியாயமில்லை. உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஆட்டங்களை வைத்தே இதைப் பேசலாம்.

2022 டிசம்பர் 6-ஐ நினைத்துப் பாருங்கள். கத்தாரில் மொராக்கோவும் ஸ்பெயினும் காலிறுதியில் நுழைவதற்காக மோதின. ஸ்பெயின் வீரர்கள் அன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாஸ்களைக் கொடுத்தார்கள். 120 நிமிடம் ஆடியும் கோல் விழவில்லை. ‘ஸ்பெயின் ஆடியது, மொராக்கோ சும்மா நின்றது’ என்று உங்களில் பலர் அன்று சொன்னீர்கள். மொராக்கோ நிற்கவில்லை. பந்து இடது ஓரத்திலிருந்து வலது ஓரத்துக்குப் போகும்போதெல்லாம் அந்த அணி மொத்தமும் ஒரே உடம்பாக நகர்ந்தது. ஒருவர் பந்தை நோக்கிப் பாய்ந்தால் அவர் விட்ட இடத்தை அடுத்தவர் அந்தக் கணமே நிரப்பினார். பின்கள வரிசைக்கு முன்னால் சோஃபியான் அம்ராபத் ஒவ்வொரு இடுக்கையும் ஓடி ஓடி அடைத்தார். நடுவில் வழி கிடைக்காமல் ஸ்பெயின் வீரர்கள் ஓரத்துக்குப் போனார்கள். ஓரத்திலும் வழி கிடைக்காமல் பந்தைப் பின்னால் அனுப்பினார்கள். அந்த ஆயிரம் பாஸ்களில் பெரும்பகுதி மொராக்கோ அனுமதித்த இடங்களில் நடந்தவை. எங்கே ஆட விடுவது, எங்கே ஆட விடக் கூடாது என்பதை முடிவு செய்தது பந்து இல்லாத அணி.

பெனால்டி ஷூட் அவுட்டில் ஸ்பெயினால் ஒரு பந்தைக்கூட வலைக்குள் அனுப்ப முடியவில்லை. சராபியா அடித்தது கம்பத்தில் பட்டது. சோலர், புஸ்கெட்ஸ் இருவர் அடித்ததையும் மொராக்கோ கோல்கீப்பர் யாசின் பூனோ தடுத்தார். மாட்ரிடில் பிறந்து மொராக்கோவுக்கு ஆடும் அஷ்ரஃப் ஹக்கிமி, கடைசி பெனால்டியை நிதானமாக நடுவில் தூக்கிப்போட்டு ஆட்டத்தை முடித்தார். அடுத்து போர்ச்சுகலை 1-0 என்று வென்று, உலகக் கோப்பை அரையிறுதிக்குள் கால்வைத்த முதல் ஆப்பிரிக்க நாடு என்ற பெயரை மொராக்கோ பெற்றது. குரோஷியா, பெல்ஜியம், கனடா, ஸ்பெயின், போர்ச்சுகல் என்று ஐந்து அணிகளைச் சந்தித்து முடித்தபோது அவர்கள் வலைக்குள் ஒரே ஒரு பந்துதான் விழுந்திருந்தது. அதுவும் கனடாவுக்கு எதிராகத் தங்கள் ஆளின் காலில் பட்டுப் போன சேம்சைடு கோல். பயிற்சியாளர் வாலித் ரெக்ராகுய் பொறுப்பேற்றதே அந்த ஆண்டு ஆகஸ்டில்தான். மூன்று மாதத்தில் ஒரு தேசிய அணிக்கு இப்படி ஒரு ஒழுங்கைக் கொடுத்தவரை, தாக்கி ஆடுபவராக இருந்திருந்தால் நீங்கள் மேதை என்றே அழைத்திருப்பீர்கள்.

சின்ன அணிகள் ஏன் இப்படி ஆடுகின்றன என்று ஒரு கணம் அவர்கள் இடத்தில் நின்று பாருங்கள். பெரிய கிளப் அணி தனக்கு இல்லாத ஆளை விலைகொடுத்து வாங்கிக்கொள்ளலாம். தேசிய அணிக்கு அந்த வழி கிடையாது. உங்கள் நாட்டில் யார் பிறந்தார்களோ, யாருக்கு உங்கள் கடவுச்சீட்டு கிடைக்குமோ, அவர்களை வைத்துத்தான் ஆடியாக வேண்டும். சேர்ந்து பயிற்சி எடுக்கக் கிடைப்பதும் ஆண்டுக்குச் சில வாரங்களே. முன்களத்தில் ஒருவரோடு ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு பந்து பரிமாறும் பழக்கம் வருவதற்கு அந்த நேரம் போதாது. ஒரு வரிசையாக நிற்கவும், ஒன்றாக நகரவும், ஒருவர் தவறினால் இன்னொருவர் மூடவும் கற்றுக்கொள்ள அது போதும். திறமையை ஒரே இரவில் உண்டாக்க முடியாத பயிற்சியாளர், தன்னால் உண்டாக்க முடிந்ததை உண்டாக்குகிறார்.

இது இன்று நேற்று தொடங்கியதில்லை. 1930-களில் ஸ்விட்சர்லாந்தில் பயிற்சியாளராக இருந்த கார்ல் ராப்பன் என்ற ஆஸ்திரியர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தார். அவரிடம் இருந்த வீரர்களில் பெரும்பாலோர் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள். முழுநேரத் தொழில்முறை வீரர்களோடு ஆளுக்கு ஆள் மோதினால் மூச்சு தாங்காது. எனவே, பின்கள வரிசைக்கும் பின்னால் ஒருவரை நிறுத்தி, முன்னால் இருப்பவரைத் தாண்டி வரும் பந்தை அவர் பார்த்துக்கொள்ளும்படி அமைத்தார். 1938 மார்ச்சில் ஆஸ்திரியாவை விழுங்கிய ஜெர்மனி, அந்த ஆண்டு ஜூனில் ஆஸ்திரிய வீரர்களையும் சேர்த்துக்கொண்டு பாரிஸில் உலகக் கோப்பைக்கு வந்தது. ராப்பனின் ஸ்விட்சர்லாந்தோடு ஆடிய முதல் ஆட்டம் 1-1. மறு ஆட்டத்தில் ஸ்விட்சர்லாந்து 0-2 என்று பின்தங்கியிருந்து, 4-2 என்று ஜெயித்தது. தடுப்பாட்டக்காரர்கள் என்று முத்திரை குத்தப்பட்டவர்கள் போட்ட நான்கு கோல்கள் அவை.

கிரேக்கத்தின் கதைக்கு வருவோம். உங்களில் பலர் இன்றுவரை மன்னிக்காத அணி அது.

2004 ஐரோப்பியக் கோப்பைக்கு முன்பு கிரேக்கம் பெரிய தொடர் எதிலும் ஒரு ஆட்டம்கூட ஜெயித்ததில்லை. 1994 உலகக் கோப்பையில் ஆடிய மூன்றிலும் தோற்று, 10 கோல் வாங்கி, ஒன்றுகூடப் போடாமல் திரும்பியவர்கள். அந்த நாட்டு அணியை எடுத்துக்கொண்ட ஓட்டோ ரெஹாகல் என்ற ஜெர்மானியர், தன் வீரர்களுக்குப் புதிதாக எந்த மந்திரத்தையும் சொல்லவில்லை. எதிரணி முன்கள வீரர்கள் ஒவ்வொருவரோடும் ஓர் ஆள் நிழல்போல ஒட்ட வேண்டும். எல்லோருக்கும் பின்னால் டெல்லாஸ் நின்று மிச்சத்தைத் துடைக்க வேண்டும். மற்றவர்கள் எப்போதோ கைவிட்ட பழைய முறை. அதனாலேயே அதை எதிர்கொள்ளும் பழக்கம் மற்ற அணிகளுக்கு விட்டுப்போயிருந்தது. காலிறுதியில் நடப்புச் சாம்பியன் பிரான்ஸ், அரையிறுதியில் பிரிவு ஆட்டங்கள் மூன்றையும் வென்று வந்த செக் குடியரசு, லிஸ்பனில் நடந்த இறுதியில் சொந்த மண்ணில் ஆடிய போர்ச்சுகல். மூன்று ஆட்டமும் 1-0. மூன்று கோலும் தலையால் முட்டிப் போட்டவை.

அந்தக் கோல்களை இன்னொரு முறை பார்த்துவிட்டு ‘அதிர்ஷ்டம்’ என்று சொல்ல உங்களுக்கு வாய் வருமா? பிரான்ஸுக்கு எதிராகக் கேப்டன் ஸகோராகிஸ், பிரான்ஸ் வீரர் லிஸராஸுவின் தலைக்கு மேலே பந்தைத் தூக்கிப்போட்டு, தானே ஓடி எடுத்து, கிராஸ் செய்தார். கரிஸ்டியாஸ் முட்டினார். பிரேசில் வீரர் ஒருவர் செய்திருந்தால் நீங்கள் வருடக்கணக்காகத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிற காட்சி அது. செக் குடியரசை வென்ற கோலும், போர்ச்சுகலை வென்ற கோலும் கார்னரிலிருந்து வந்தவை. கார்னர் என்பது எல்லா அணிக்கும் கிடைக்கிற வாய்ப்பு. அந்தத் தொடரில் அதைக் கிரேக்கர்கள்போல மதித்து உழைத்தவர்கள் இல்லை. இரண்டு ஆண்டு கழித்து நடந்த உலகக் கோப்பைக்கு அவர்கள் தகுதிகூடப் பெறவில்லை என்பது உண்மை. 2004 ஜூலை 4 அன்று ஏதென்ஸ் தெருக்களில் திரண்ட மக்களின் சந்தோஷம் அதனால் ஒரு துளியும் குறைந்துவிடாது.

உங்கள் வாதத்தின் இதயம் எங்கே இருக்கிறது என்பதும் தெரிந்ததுதான். 1982 உலகக் கோப்பை, ஜூலை 5, பார்சிலோனாவின் சாரியா மைதானம். இத்தாலி 3, பிரேசில் 2. அன்றைக்கு அழகு செத்துவிட்டது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். ஜிகோ, சாக்ரடீஸ், ஃபால்கோ, செரெசோ நால்வரும் நடுக்களத்தில் ஆடிய அந்த அணியை நேசிக்காதவர்கள் இருக்க முடியாது. பயிற்சியாளர் டெலே சந்தானா அவர்களுக்குக் கொடுத்த சுதந்திரம் கால்பந்துக்கே கிடைத்த கொடை. இந்த மடல் அதிலிருந்து ஒன்றையும் குறைக்க வரவில்லை.

ஆனால், அந்த ஆட்டத்தை இத்தாலியின் பக்கமிருந்து நீங்கள் ஒரு முறையாவது பார்த்ததுண்டா? முதல் சுற்றில் மூன்று ஆட்டத்தையும் டிரா செய்து தட்டுத்தடுமாறி வந்த அணி அது. சொந்த நாட்டுப் பத்திரிகைகள் கிழித்த கிழியில் வீரர்கள் நிருபர்களோடு பேசுவதையே நிறுத்தியிருந்தார்கள். தடை முடிந்து திரும்பியிருந்த பாவ்லோ ரோஸி அதுவரை ஒரு கோலும் போட்டிருக்கவில்லை. பயிற்சியாளர் என்ஸோ பேர்ஸோட் அவரை விட்டுக்கொடுக்கவில்லை. பிரேசிலுக்கு அன்று டிரா போதும். ரோஸி ஒன்று போட, சாக்ரடீஸ் சமன் செய்தார். பிரேசில் வீரர்கள் தங்கள் பின்களத்துக்கு முன்னால் குறுக்காகத் தட்டிவிட்ட ஒரு கவனமில்லாத பாஸைப் பறித்து ரோஸி இரண்டாவதைப் போட்டார். 68-வது நிமிடத்தில் ஃபால்கோ மறுபடி சமன் செய்தார். இன்னும் 22 நிமிடம் காத்தால் அரையிறுதி. பிரேசில் காக்கவில்லை, தொடர்ந்து முன்னேறியது. 74-வது நிமிடத்தில் ரோஸியின் மூன்றாவது கோல் விழுந்தது. கடைசி நேரத்தில் ஆஸ்கார் தலையால் முட்டிய பந்தைக் கோல் கோட்டின் மேலேயே அமுக்கிப் பிடித்தார் இத்தாலியின் கோல்கீப்பர் டீனோ ஸோஃப். அவருக்கு அப்போது வயது 40.

மூன்று கோல் போட்டது எந்த அணி என்று பாருங்கள். பிறகு இறுதி ஆட்டத்தைப் பாருங்கள். மேற்கு ஜெர்மனிக்கு எதிராக டார்டெல்லி போட்ட இரண்டாவது கோலுக்கு முன்னால், எதிரணியின் பெனால்டி பகுதிக்குள் நின்று பந்தைப் பரிமாறிக்கொண்டவர்கள் யார்? இத்தாலியின் கடைசித் தடுப்பாளராக ஆடும் ஷிரேயாவும், 18 வயதுப் பின்கள வீரர் பேர்கோமியும். இத்தாலி ஒளிந்து நின்று ஜெயித்தது என்று சொல்பவர்கள் அந்தக் காட்சிக்கு என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்?

அதே தொடரில் இத்தாலியின் கிளாவ்தியோ ஜென்டிலே, அர்ஜென்டினாவின் மரடோனாவை ஆட்டம் முழுக்க இடித்ததும், ஜிகோவின் சட்டையைக் கிழித்ததும் உண்மை. அதை யாரும் நியாயப்படுத்தத் தேவையில்லை. அது தடுப்பாட்டத்தின் பிழை இல்லை. நடுவர் இன்னும் கடுமையாகத் தண்டித்திருக்க வேண்டிய ஃபவுல்கள் அவை.

தடுப்பது வேறு, ஆட்டத்தைக் கொல்வது வேறு. இந்த இரண்டையும் நீங்கள் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் இந்த மடலின் பெரிய வருத்தம். அதே 1982-ல், ஸ்பெயினின் ஹிஹோன் நகரில் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் ஆடின. ஜெர்மனி 1-0 என்று ஜெயித்தால் இரண்டு அணிகளுமே அடுத்த சுற்றுக்குப் போகலாம். ஜெர்மனியை 2-1 என்று வீழ்த்தியிருந்த அல்ஜீரியா வீட்டுக்குப் போக வேண்டும். 10-வது நிமிடத்தில் ஜெர்மனியின் கோல் விழுந்தது. மிச்ச நேரம் முழுக்க இரண்டு அணிகளும் பந்தை உருட்டிக்கொண்டிருந்தன. அரங்கில் இருந்தவர்கள் கொதித்தது நியாயம். 1986 முதல் ஒரு பிரிவின் கடைசி ஆட்டங்கள் ஒரே நேரத்தில் நடப்பதற்கு அந்த அவமானம்தான் காரணம். ஆனால், அன்று அங்கே யாரும் தாக்கவில்லை; ஆகவே யாரும் தடுக்கவும் இல்லை. அதைத் தடுப்பாட்டத்தின் கணக்கில் எழுதாதீர்கள்.

1990-ல் இத்தாலியில் நடந்த உலகக் கோப்பையும் உங்கள் பட்டியலில் இருக்கும். ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 2.21 கோல். உலகக் கோப்பை வரலாற்றிலேயே குறைந்த சராசரி. ஐந்தே கோல் போட்டு இறுதிவரை வந்தது அர்ஜென்டினா. இறுதியில் அவர்களில் இரண்டு பேர் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார்கள். பிரேமே போட்ட பெனால்டியில் மேற்கு ஜெர்மனி ஜெயித்தது. சலிப்பூட்டிய தொடர்தான், மறுப்பதற்கில்லை. ஆனால், அதைப் பார்த்து விதிகளைத் திருத்தியவர்கள் எதைத் தண்டித்தார்கள் என்று கவனியுங்கள். தன் அணிக்காரர் காலால் பின்னுக்குத் தட்டும் பந்தைக் கோல்கீப்பர் கையில் எடுத்து வைத்துக்கொண்டு நேரத்தைக் கரைக்க முடியாதபடி 1992-ல் விதி வந்தது. டிரா செய்தால் போதும் என்ற எண்ணத்தைக் குறைக்க, வெற்றிக்கு 3 புள்ளி என்ற முறை 1994 உலகக் கோப்பையில் வந்தது. நேரத்தைத் தின்பதைத்தான் அவர்கள் தடுத்தார்கள். கோலைத் தடுக்கும் கலையில் கை வைக்கவில்லை. வைத்திருந்தால் கோலுக்கு மதிப்பே போயிருக்கும்.

உங்களுக்குக் கபடி தெரியும். பாடி வருகிறவர் நான்கு பேரைத் தொட்டுவிட்டு ஓடினால் கைதட்டுகிறீர்கள். கோட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் அவர் கணுக்காலைப் பிடித்து இழுத்துச் சாய்த்தால் அதைவிடப் பலமாக விசில் அடிக்கிறீர்கள். மூன்று பேரோ அதற்கும் குறைவாகவோ நிற்கும்போது பிடித்துவிட்டால் கூடுதல் புள்ளியே தருகிறார்கள். பிடிப்பவரைக் கோழை என்று எந்த ஊர்த் திடலிலும் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அதே கண்கள் கால்பந்து பார்க்கும்போது மட்டும் ஏன் பாதி மூடிக்கொள்கின்றன?

தாக்குதல் ஆட்டத்தின் கோயில்களாக நீங்கள் கும்பிடும் அணிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். 1974-ல் பயிற்சியாளர் ரீனஸ் மிஹெல்ஸின் நெதர்லாந்து. யோஹான் கிரைஃபின் திருப்பங்களைப் பற்றிப் பேசுகிறீர்கள். அந்த அணி இறுதி ஆட்டத்துக்கு வரும்வரை ஆறு ஆட்டங்களில் வாங்கியது ஒரே ஒரு கோல். அதுவும் சேம்சைடு கோல். பந்து கையை விட்டுப்போன மறுகணம் நான்கைந்து பேர் கூட்டமாகப் பாய்வார்கள். பின்கள வரிசை மொத்தமும் மைய வட்டத்தை நோக்கி ஓடி எதிரணியை ஆஃப்சைடில் மாட்டிவிடும். 2010-ல் ஸ்பெயின் உலகக் கோப்பையை வென்றது எத்தனை கோல் போட்டு? ஏழு ஆட்டத்தில் எட்டு. வாங்கியது இரண்டு. நாக் அவுட் சுற்றில் நான்கு ஆட்டமும் 1-0. பந்தைத் தங்களிடமே வைத்துக்கொண்டிருந்ததுதான் அவர்கள் கண்ட மிகச் சிறந்த தடுப்பு. அதையே நீங்கள் தாக்குதல் என்று பெயர் வைத்துப் பாராட்டினீர்கள்.

இன்னொரு உதாரணம் கத்தாரிலேயே இருக்கிறது. 2022 நவம்பர் 22 அன்று சவுதி அரேபியா அர்ஜென்டினாவை 2-1 என்று வென்றதே, அன்று அவர்கள் கோல் கம்பத்தைச் சுற்றிக் கூடி நின்றார்களா? இல்லை. அவர்களின் பயிற்சியாளர் எர்வே ரெனார் தன் பின்கள வரிசையை மைதானத்தின் நடுப்பகுதிக்கு மிக அருகில் கொண்டுபோய் நிறுத்தினார். மெஸ்ஸிக்கு எதிராக அப்படி நிற்பதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு நொடி பிந்தினால் பின்னால் பாதி மைதானம் திறந்து கிடக்கிறது. அர்ஜென்டினா அன்று பத்து முறை ஆஃப்சைடில் மாட்டியது. முதல் பாதியில் மட்டும் மூன்று கோல்கள் செல்லாமல் போயின. அந்தத் தொடரின் கோப்பையைத் தூக்கிய அணியை வென்ற ஒரே அணி சவுதிதான்.

ஐஸ்லாந்தையும் மறந்துவிட வேண்டாம். 2016-ல் சுமார் 3.3 லட்சம் மக்கள். அப்போதைய இணைப் பயிற்சியாளர்களில் ஒருவரான ஹெய்மிர் ஹால்க்ரிம்ஸன் பல் மருத்துவர். 2016 ஐரோப்பியக் கோப்பையில் போர்ச்சுகலோடு 1-1 என்று சமன் செய்தபோது, தடுப்பதைத் தவிர வேறு எதையும் முயலவில்லை, சின்ன மனப்பான்மை என்று கிறிஸ்டியானோ ரொனால்டோ குறைபட்டுக்கொண்டார். அதே ஐஸ்லாந்து சில நாளில் இங்கிலாந்தை 2-1 என்று வீட்டுக்கு அனுப்பியது. அதில் ஒரு கோலைப் போட்டவர் பின்கள வீரர் ராக்னர் சிகுர்ட்ஸன். போர்ச்சுகலோ பிரிவு ஆட்டம் மூன்றையும் டிரா செய்து, இறுதியில் ரொனால்டோ காயத்தோடு வெளியேறிய பிறகு 109-வது நிமிடம்வரை பிரான்ஸைத் தாங்கி நின்று, எடெர் போட்ட ஒற்றைக் கோலில் கோப்பையை வென்றது. அன்று ரொனால்டோ சிந்திய ஆனந்தக் கண்ணீரின் பின்னால் பின்கள வீரர் பெப்பேயும் கோல்கீப்பர் ருய் பத்ரீசியோவும் இருந்தார்கள்.

இந்த ஏளனத்துக்கு ஒரு விலை இருக்கிறது. அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

1956 முதல் தரப்படும் பலோன் டோர் விருதை வென்ற பின்கள வீரர்கள் மூன்றே பேர்: பெக்கன்பவர், சாமர், கன்னவாரோ. கோல்கீப்பர் ஒரே ஒருவர். 1963-ல் லெவ் யாஷின். 2006-ல் கன்னவாரோவுக்குப் பிறகு தடுப்பவர் எவருக்கும் அது கிடைக்கவில்லை. விருது போகட்டும். 1950-ல் மரக்கானாவில் உருகுவேயிடம் 1-2 என்று பிரேசில் தோற்றபோது, கிஜியா அடித்த பந்தைத் தவறவிட்ட கோல்கீப்பர் பார்போசாவை அந்த நாடு அவர் சாகும்வரை, 2000-ம் ஆண்டுவரை, மன்னிக்கவில்லை. அந்த ஆட்டத்திலும் பிரேசிலுக்கு டிரா போதும். முன்னிலை பெற்ற பிறகு ஆட்டத்தை இறுக்கிப் பிடிக்காத மற்ற பத்துப் பேரின் பெயரை யாரும் அப்படி உச்சரிப்பதில்லை. 1994-ல் கொலம்பியாவின் ஆந்த்ரேஸ் எஸ்கோபார், அமெரிக்காவுக்கு எதிராக ஒரு கிராஸைத் தடுக்கக் காலை நீட்டினார். பந்து தன் வலைக்குள்ளேயே போனது. பத்து நாள் கழித்து, ஜூலை 2 அன்று, மெடலின் நகரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 27. அந்தக் கொலைக்கு வேறு காரணங்களும் பேசப்பட்டன. ஆனால் அந்தச் சேம்சைடு கோல் இல்லாமல் அந்த இரவைப் பற்றி யாராலும் பேச முடியவில்லை. முன்கள வீரர் பத்து வாய்ப்பை வீணடித்துப் பதினொன்றாவதைப் போட்டால் நாயகன். பின்கள வீரர் பத்தைத் தடுத்துப் பதினொன்றாவதைத் தவறவிட்டால் குற்றவாளி. இந்தக் கணக்கை எழுதுவது பயிற்சியாளர்கள் இல்லை, பார்ப்பவர்களாகிய நீங்கள்.

நம் நாட்டுக்கே வருவோம். 2019 செப்டம்பர் 10 அன்று தோஹாவில் கத்தாரோடு இந்தியா ஆடிய உலகக் கோப்பைத் தகுதிச்சுற்று ஆட்டத்தை உங்களில் எத்தனை பேர் முழுதாகப் பார்த்தீர்கள்? கத்தார் அப்போது ஆசியச் சாம்பியன். அந்த ஆண்டின் ஆசியக் கோப்பையில் 19 கோல் போட்டு ஒன்றே ஒன்று வாங்கியவர்கள். ஐந்து நாள் முன்புதான் ஆஃப்கானிஸ்தானை 6-0 என்று நொறுக்கியிருந்தார்கள். உடல்நிலை சரியில்லாமல் சுனில் சேத்ரி ஆடவில்லை. கேப்டன் பட்டையைக் கட்டிக்கொண்ட கோல்கீப்பர் குர்ப்ரீத் சிங் சந்து பந்து மேல் பந்தாகத் தடுத்தார். அவருக்கு முன்னால் சந்தேஷ் ஜிங்கனும் ஆதில் கானும் உடம்பைக் கொடுத்து அடைத்தார்கள். 0-0. சமீப காலத்தில் இந்தியக் கால்பந்து பெருமையோடு சொல்லிக்கொள்ளும் இரவுகளில் அது ஒன்று. அதில் நாம் ஒரு கோலும் போடவில்லை.

ஆகவே உங்களிடம் கேட்க வேண்டியவை சில உண்டு.

2026 உலகக் கோப்பைக்கு அணிகளின் எண்ணிக்கை 32-லிருந்து 48 ஆக உயர்த்தப்பட்டது. அதனால் உலகக் கோப்பையையே பார்த்திராத நாடுகளுக்குக் கதவு திறந்தது. கரீபியன் கடலில் சுமார் ஒன்றரை லட்சம் பேர் வாழும் குராசோ என்ற தீவு, 2025 நவம்பரில் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் 0-0 என்று டிரா செய்து தகுதி பெற்றது. உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்ற நாடுகளில் மக்கள்தொகையில் மிகச் சிறியது அதுதான். இப்படிப்பட்ட ஓர் அணி பெரிய அணியை எதிர்கொள்ளும் ஆட்டத்தில், முதல் கால் மணி நேரம் பந்தைப் பார்ப்பதை விட்டுவிடுங்கள். பின்களத்தில் நிற்கும் நால்வரை மட்டும் பாருங்கள். இருவருக்கு நடுவே எவ்வளவு இடைவெளி விடுகிறார்கள், யார் கைகாட்டுகிறார், யார் கத்துகிறார், ஒருவர் முன்னேறும்போது மற்ற மூவரும் என்ன செய்கிறார்கள் என்று கவனியுங்கள். தொலைக்காட்சி கேமரா பந்தின் பின்னாலேயே ஓடுவதால் இது எளிதாக இருக்காது. ஆனாலும் முயன்று பாருங்கள். தமிழில் வர்ணனை செய்பவர்களும் உங்களில் இருக்கிறீர்கள். கோல் விழும்போது உயரும் உங்கள் குரல், ஒரு சுத்தமான டேக்கிளுக்கும் உயரட்டும். தடுத்தவரின் பெயரை ஒரு முறைக்கு இரு முறை சொல்லுங்கள்.

நேரம் கடத்துபவர்களையும், அடிபடாமலே உருளுபவர்களையும், எதிரணி வீரரின் காலைக் குறிவைப்பவர்களையும் நீங்கள் தாராளமாகத் திட்டலாம். அவர்கள் எந்தப் பாணியில் ஆடினாலும் திட்டலாம். தடுத்து ஆடும் அணியைப் பார்த்துக் ‘கோழை’ என்று சொல்வதை மட்டும் விட்டுவிடுங்கள்.

கடைசியாக, தெருவிலும் பள்ளி மைதானத்திலும் பிள்ளைகளுக்குப் பந்து சொல்லித்தரும் அண்ணன்மார்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நன்றாக ஆடுபவனை முன்னால் விட்டு, ஓடத் தெரியாதவனைப் பின்னால் நிறுத்தி, எதற்கும் ஆகாதவன் என்று நீங்கள் முடிவு செய்த பையனைக் கோல்கீப்பர் ஆக்குவது நம் ஊர்களில் பல காலமாக இருக்கும் பழக்கம். தடுப்பது இரண்டாந்தர வேலை என்ற எண்ணம் ஒரு பிள்ளை மனத்தில் பதிவது அங்கேதான். உங்கள் அணியின் புத்திசாலிப் பையனை ஒரு மாதம் பின்களத்தில் ஆட விடுங்கள். பந்தைப் பார்க்காமல் ஆளைப் பார்க்கவும், ஆளைப் பார்க்காமல் இடத்தைப் பார்க்கவும் அவனுக்குக் கற்றுக்கொடுங்கள். ஆட்டம் முடிந்து பிள்ளைகளை உட்காரவைத்துப் பேசும்போது, கோல் போட்டவனைப் பாராட்டிய அதே மூச்சில், கோல் விழாமல் தடுத்தவன் எந்த நிமிடத்தில் எதைச் செய்தான் என்பதையும் எல்லோர் முன்னிலையிலும் சொல்லுங்கள். அதை இந்த வாரத்து ஆட்டத்திலேயே தொடங்கிவிடுங்கள்.

அன்புடன்,
உங்களோடு ஆட்டம் பார்க்கும் ஒருவர்